ஒரு சாண் மாட்டு வண்டியை ஆளுயரமாக்குவது எப்படி? கணினி செய்யும் பாதியும் நாம் செய்ய வேண்டிய மீதியும்

சுங்கை பூலோ - பொங்கல் நெருங்கிவிட்டால் ஆலய வளாகத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் ஒரு மாட்டு வண்டி நின்றால்தான் விழா களைகட்டும். கரும்பு, மண்பானை, தோரணம் எல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். வண்டிதான் சிக்கல். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி நம் வட்டாரத்தில் அரிது. தேடிப் பிடித்தாலும் லோரியில் ஏற்றி இறக்கும் செலவு ஏற்பாட்டுக் குழுவின் கையைக் கடித்துவிடும். கடைசியில், பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய ஒரு சாண் நீளப் பொம்மை வண்டி குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பொம்மையையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிவிட்டால் என்ன?

செய்யலாம். அதற்கு வேண்டிய மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. படம் பிடிக்கக் கைத்தொலைபேசி போதும். பலகையை வெட்டித்தரும் கணினி இயந்திரத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுங்கை பூலோ மரத் தளவாடத் தொழிலுக்குப் பெயர் போன ஊர்தான்.

ஆனால் கணினித் திரையில் ஒரு பொருளைப் பெரிதாக்குவது வேறு, மரத்தில் பெரிதாக்குவது வேறு. திரையில் எல்லாமே ஒரே மாதிரி பெருகும். தரையில் அப்படிப் பெருகாது. இந்த வேறுபாடு புரியாமல் வேலையில் இறங்கினால் பணமும் போகும், படம் எடுக்க ஆசையாக ஏறி உட்காரும் பிள்ளைக்கு அடியும் படும்.

15 மடங்கு என்றால் உண்மையில் எத்தனை மடங்கு?

உங்கள் கையில் உள்ள பொம்மை வண்டியின் நீளம் 20 சென்டிமீட்டர், சக்கரத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர், எடை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு பெரியவரின் மார்பளவுக்கு, அதாவது 1.2 மீட்டருக்கு வர வேண்டும். 8-ஐ 120 ஆக்க 15 ஆல் பெருக்க வேண்டும். வண்டியின் நீளமும் 15 மடங்காகி 3 மீட்டர் வரும். இதுவரை சிக்கல் இல்லை.

வண்ணம் பூசும்போது கணக்கு மாறுகிறது. பரப்பு நீளவாக்கிலும் கூடுகிறது, அகலவாக்கிலும் கூடுகிறது. ஆகவே 15 × 15 = 225 மடங்கு. பொம்மைக்கு 20 மில்லிலிட்டர் வண்ணம் போதும் என்றால் பெரிய வண்டிக்கு நாலரை லிட்டர் வேண்டும். எடை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பெருகுவதால் 15 × 15 × 15 = 3,375 மடங்கு. அதே மரத்தில் அதே மாதிரி செய்தால் 250 கிராம் பொம்மை 844 கிலோ வண்டியாகிவிடும். ஒரு சிறிய காரின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

எடையை விட முக்கியமானது அதைத் தாங்கும் வலிமை. ஒரு கால் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 225 மடங்குதான் கூடியது. பாரமோ 3,375 மடங்கு. அப்படியானால் வண்டியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மரமும் பொம்மையில் தாங்கியதைப் போல் 15 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. பொம்மை உடையவில்லையே, பெரியது மட்டும் ஏன் உடையப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இதை எலும்புகளை வைத்து விளக்கியிருக்கிறார். யானைக்கு எறும்பின் கால் மாதிரி மெல்லிய கால் இருக்க முடியாது என்பதும் இதே கணக்குத்தான்.

நம் ஊர்ப் பக்கத்திலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். 2006 ஜனவரியில் திறப்பு விழா கண்ட அந்தச் சிலைக்கு 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்புக் கம்பி, 300 லிட்டர் தங்க வண்ணம் ஆகியவை பயன்பட்டன. வீட்டுப் பூசை அறையில் வைக்கும் 15 சென்டிமீட்டர் முருகன் சிலையோடு இதை ஒப்பிட்டால் உயரம் ஏறத்தாழ 285 மடங்கு. பரப்பு 81 ஆயிரம் மடங்கு. கன அளவு 23 மில்லியன் மடங்கு.

இப்போது பின்னோக்கி வகுத்துப் பாருங்கள். 300 லிட்டர் வண்ணத்தை 81 ஆயிரத்தால் வகுத்தால் 4 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி நிறையாது. கான்கிரீட்டை 23 மில்லியனால் வகுத்தால் 67 கன சென்டிமீட்டர், ஒரு சிறு கிண்ணம். பூசை அறைச் சிலைக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் தேவைப்படும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த 250 டன் கம்பிக்கு ஈடாகச் சின்னச் சிலைக்குள் எதுவுமே இல்லை. பெரிதாக்கும்போது புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது அதுதான். எந்தப் பொம்மையை எத்தனை முறை பெருக்கினாலும் அந்தக் கம்பி உள்ளே தானாக முளைக்காது.

ஓலை மடிப்பிலிருந்து ஸ்கேன் வரை

சிறியதைப் பெரிதாக்கும் கலை கணினியோடு பிறந்ததல்ல. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுவாமிமலையில் உலோகச் சிற்பிகள் இன்றும் தென்னை ஓலையை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்வார்கள். சிற்ப நூல்களில் முதன்மைத் தெய்வ வடிவங்களுக்குச் சொல்லப்படும் உத்தம தச தாளத்தில் மொத்த உயரம் 124 பங்கு. ஒரு பங்கு ஓர் அங்குலம். அதில் எட்டில் ஒன்று ஒரு யவம். இது கடையில் வாங்கும் அளவுநாடாவில் உள்ள அங்குலம் அல்ல. சிலை வளர்ந்தால் தானும் வளரும் அங்குலம். முழ உயரச் சிலையானாலும் ஆளுயரச் சிலையானாலும் பங்கு 124தான். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு மென்பொருள் பக்கம் எட்டிப் பார்த்த எனக்கு, திரையில் தெரியும் 'ஸ்கேல்' பெட்டி அந்த ஓலையின் தம்பி மாதிரிதான் தோன்றுகிறது.

மேல்நாட்டிலும் கையால் பெருக்கித்தான் செய்தார்கள். 1886-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலை அடி முதல் தீபம் வரை 46 மீட்டர். பாரிசில் சிற்பி பர்தோல்டி முதலில் ஏறத்தாழ 2.85 மீட்டர் உயர மாதிரியைச் செய்தார். அதை 4 மடங்காக்கினார். பிறகு அந்த நான்கு மடங்கு மாதிரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மீண்டும் 4 மடங்காக்கினார். தூக்குக்குண்டு நூலும் அளவுகோலும் வைத்துப் புள்ளி புள்ளியாக எடுத்த அளவுகள். மொத்தம் 16 மடங்கு. ஆனால் ஒரே தாவலில் போகவில்லை. நடுவில் ஒரு படி நின்று கண்ணால் பார்த்துத் திருத்த இடம் வைத்துக்கொண்டார்கள். உள்ளே தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் ஐஃபலின் கைவேலை.

மென்பொருளின் காலத்துக்கு வந்தால், இன்று உலகிலேயே உயரமான சிலை இந்த வழியில் பிறந்ததுதான். குஜராத்தில் 2018 அக்டோபர் 31-இல் திறக்கப்பட்ட சர்தார் பட்டேல் சிலையின் உயரம் 182 மீட்டர். சிற்பி ராம் சுதார் அதற்கு 3 அடி, 18 அடி, 30 அடி என்று மூன்று மாதிரிகள் செய்தார். 30 அடி மாதிரி ஏற்கப்பட்டதும் அதை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வடிவத்தை வைத்தே வெளியே போர்த்தும் வெண்கலத் தகடுகள் சீனாவில் வார்க்கப்பட்டன. 30 அடியிலிருந்து 182 மீட்டர் என்றால் ஏறத்தாழ 20 மடங்கு.

அங்கேயும் இதே தொல்லைதான். பட்டேல் வேட்டியும் செருப்பும் அணிந்து நடக்கிற தோரணையில் நிற்கிறார். அதனால் சிலை மேலே அகன்றும் பாதத்தில் குறுகியும் இருக்கிறது. 30 அடியில் அது வெறும் அழகு. 182 மீட்டரில் காற்று அடித்தால் அது கவலை. ஆட்டத்தைக் குறைக்க உள்ளே 250 டன் எடையுள்ள இரண்டு தணிப்பான்களை வைத்தார்கள். வடிவத்தைக் கணினி பெருக்கியது. நிற்க வைத்தது பொறியாளர்களின் தனிக் கணக்கு.

நம் மாட்டு வண்டிக்குத் தணிப்பான் தேவையில்லை. ஆனால் அதே இரட்டை வேலை உண்டு.

பொம்மை சொல்லும் பொய்கள்

படம் பிடிக்கும் முன் பொம்மையை நன்றாகப் பாருங்கள். அது வண்டி அல்ல, வண்டியைப் பற்றிய ஒரு சுருக்கக் குறிப்பு. செய்தவர் பலவற்றை விட்டிருப்பார், சிலவற்றைக் கூட்டியிருப்பார்.

முதலில் ஆரக்கால்கள். உண்மையான வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், குடத்திலிருந்து பாயும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, வட்டைக்கு மேல் இரும்புப் பட்டா. ஆரக்கால் பெரும்பாலும் 12 இருக்கும். பொம்மையில் 6 அல்லது 8தான் இருக்கும், அதுவும் உடையாமல் இருக்கத் தடிமனாக. 5 மில்லிமீட்டர் ஆரக்காலை 15 ஆல் பெருக்கினால் 75 மில்லிமீட்டர். வண்டி கனத்துப் போய்த் தேர்ச் சக்கரம் போலத் தெரியும். இதைத் திரையிலேயே இளைக்க வைக்க வேண்டும்.

அடுத்தது கடையாணி. பொம்மையில் சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், கடையாணிக்கு வேலையே இல்லை. வள்ளுவர் பெருந்தேருக்கு அச்சாணியை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொன்னார் என்பது ஆளுயர வண்டியில் சக்கரம் கழன்று உருளும்போது புரியும். கடையாணி, நுகத்தடியைப் பிணைக்கும் பூட்டாங்கயிறு, ஏர்க்காலின் சரியான நீளம் ஆகிய எதையும் பொம்மையிடம் கேட்க முடியாது.

மாடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொம்மை மாட்டின் தோள் உயரம் 6 சென்டிமீட்டர் என்றால் 15 மடங்கில் 90 சென்டிமீட்டர், ஒரு கன்றுக்குட்டி. பக்கத்தில் ஆளுயர வண்டி. பார்த்தவர்கள் சிரிப்பார்கள். மாட்டை மட்டும் 22 மடங்காக்கினால் 1.32 மீட்டர் வரும், வண்டி மாட்டுக்குப் பொருந்தும். ஒரே பொம்மைக்குள் இரண்டு அளவு ஒளிந்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எந்த ஊர் வண்டி என்பதும் ஒரு கேள்வி. மலாக்காவில் நினைவுப் பொருளாக விற்கும் வண்டிக்குக் கூரையின் இரு முனையும் கொம்பு போல் உயர்ந்திருக்கும். அது அந்த ஊருக்குரிய அழகு. தமிழ்நாட்டுக் கூண்டு வண்டியின் கூரை அரைவட்டமாக வளைந்து வரும். பார வண்டிக்குக் கூண்டே கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்ததுதானே. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பிறகு நகரம் செங்கல்லால் எழும்பியது. அந்தச் செங்கல்லைச் சுமந்தவை பார வண்டிகள். உங்கள் விழாவில் எந்த வண்டி நிற்க வேண்டும் என்பதைக் குழு பேசி முடிவு செய்துவிட்டு மென்பொருளைத் திறப்பது நல்லது.

வீட்டில் வண்டி பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்கள்தான் முதல் ஆதாரம். எங்கே உட்கார்ந்தார்கள், கால் எங்கே தொங்கியது, சக்கரம் இடுப்பு வரை வந்ததா மார்பு வரை வந்ததா என்று கேளுங்கள். ஒரு தாத்தா கையைத் தன் மார்பில் வைத்துக் காட்டும் உயரம் எந்தப் பொம்மையை விடவும் நம்பகமானது. இங்கே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது குவாசா டமன்சாரா எழும்பிக்கொண்டிருக்கிறது. தோட்டத்துப் பொருள்களை நேரில் பார்த்தவர்களும் குறைந்து வருகிறார்கள். யார் வீட்டிலாவது பழைய பால் வாளியோ காண்டாக் கம்போ இருந்தால், அதற்குப் பொம்மையைத் தேடாதீர்கள். அசலையே ஸ்கேன் செய்துவிடுங்கள். அதற்குப் பெருக்கல் வேண்டாம், 1 மடங்கு போதும்.

கைத்தொலைபேசியில் சுற்றிச் சுற்றி

பொம்மையைக் கணினிக்குள் கொண்டுவரும் எளிய வழி, அதைப் பல கோணங்களில் படம் எடுத்து மென்பொருளிடம் கொடுப்பது. பாலிகேம் போன்ற கைத்தொலைபேசிச் செயலிகள் உண்டு. கணினியில் செய்ய விரும்பினால் மெஷ்ரூம் இலவசம், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை கேட்கும். ஒரு படத்தில் தெரியும் புள்ளிகள் அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தன என்று பார்த்துத்தான் இந்த மென்பொருள்கள் வடிவத்தை ஊகிக்கின்றன. நாம் ஒரு கண்ணை மூடி மூடித் திறந்து தூரத்தைக் கணிப்பது போல.

அதனால் அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படிய வேண்டும். மூன்று உயரங்களில் சுற்றி வந்து 80 முதல் 100 படங்கள் எடுங்கள். வெயிலில் வேண்டாம், நிழல் விழும். மேகமூட்டமான காலை நேரத்து வாசல் நல்லது. பித்தளைப் பொம்மை என்றால் பளபளப்பு கணினியை ஏமாற்றும். மேலே முகப்பவுடரை மெல்லியதாகத் தூவினால் பளபளப்பு அடங்கும். பொம்மைக்கு அடியில் ஒரு நாளிதழை விரித்துவிடுங்கள். எழுத்துகள் நிறைந்த தாள் மென்பொருளுக்குப் பிடிமானப் புள்ளிகளை அள்ளித் தரும். தமிழ் நாளிதழுக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கூடவே ஓர் அளவுகோலையும் படத்தில் வையுங்கள். இது கட்டாயம். படத்திலிருந்து வடிவம் தெரியும், அளவு தெரியாது. எட்டு சென்டிமீட்டர் சக்கரமா எட்டு மீட்டர் சக்கரமா என்று கணினிக்குச் சொல்லித்தர வேண்டியவர் நீங்கள்தான். சக்கரத்தைத் துல்லியமாக அளக்க வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது. பொம்மையில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பெரிய சக்கரத்தில் 15 மில்லிமீட்டர் பிசகும். இரண்டு சக்கரத்தில் ஒன்று மட்டும் பிசகினால் வண்டி சாய்ந்து நிற்கும். ஆகையால் இரண்டு சக்கரத்தையும் ஸ்கேன் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, அதையே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்த வடிவத்தைத் திருத்த பிளெண்டர் போதும். அதுவும் இலவசம். அதில் பெரிதாக்குவது நம்ப முடியாத அளவு சுலபம்: பொருளைத் தேர்ந்தெடுத்து 'எஸ்' விசையைத் தட்டி, 15 என்று எழுதி, 'என்டர்' தட்டினால் முடிந்தது. ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முப்பரிமாண அச்சுக்குப் பரவலாகப் பயன்படும் எஸ்டிஎல் கோப்பில் வெறும் எண்கள்தான் இருக்கும். அது மில்லிமீட்டரா மீட்டரா என்று கோப்புக்குள் எங்கும் இராது. பிளெண்டர் ஒன்று என்றால் ஒரு மீட்டர் என்று எண்ணும். அச்சு மென்பொருள் ஒன்று என்றால் ஒரு மில்லிமீட்டர் என்று எண்ணும். இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கோப்பை வெட்டுபவரிடம் கொடுக்கும்போது "சக்கரத்தின் குறுக்களவு 1,200 மில்லிமீட்டர்" என்று ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். எண்ணும் தாளும் ஒத்துப் போகவில்லை என்றால் அவரே நிறுத்திக் கேட்பார்.

பெருக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் 15 ஆல் பெருக்கிய பிறகு, சிலவற்றைப் பெருக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆணித் துளை ஆணியின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். இரண்டு துண்டுகள் பொருந்தும் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்றால் அது எந்தப் பெருக்கத்திலும் 1 மில்லிமீட்டர்தான். பொம்மையின் மேல் இருந்த உளிக் கீறல் பெரிய வண்டியில் விரல் நுழையும் பள்ளமாகிவிடும். அதைத் திரையிலேயே வழவழப்பாக்கிவிட்டு, மர ரேகையை வண்ணத்தில் காட்டலாம்.

மிக முக்கியமானது, உள்ளே கெட்டியாக இருக்கக் கூடாது. 844 கிலோ கணக்கை நினைவில் வையுங்கள். சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் தடிமன் பெருக்கத்தில் 75 மில்லிமீட்டர் வருகிறது. கடையில் கிடைக்கும் ஒட்டுப்பலகை 18 மில்லிமீட்டர். நான்கை ஒட்டினால் 72, ஏறக்குறையச் சரி. ஆனால் அப்படிச் செய்த ஒரு சக்கரம், ஆரக்கால்களுக்கு இடையே வெட்டி எடுத்த பிறகும், 20 கிலோவைத் தாண்டும் என்று கணக்கு காட்டுகிறது. அதற்குப் பதில் 9 மில்லிமீட்டர் பலகையில் முன் முகம் ஒன்று, பின் முகம் ஒன்று வெட்டி, நடுவில் மரக்கட்டைகளை இட்டு இடைவெளி விட்டால் அதில் பாதி கூட வராது. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு பேர் தூக்கிச் செல்லலாம்.

எந்தப் பொருளில் செய்வது என்பதை வடிவம் முடிவு செய்யட்டும். சக்கரம், நுகத்தடி, வண்டியின் பக்கச் சட்டங்கள் எல்லாம் தட்டையானவை. அவற்றுக்குப் பலகை வெட்டும் இயந்திரம்தான் சரி. பலகையின் வழக்கமான அளவு 4 அடிக்கு 8 அடி, அதாவது 1,220-க்கு 2,440 மில்லிமீட்டர். 1,200 மில்லிமீட்டர் சக்கரம் அதில் மயிரிழையில் அடங்குகிறது. 15 மடங்கைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சும் என்பதால் இயந்திரம் பலகையைப் பிடிக்க இடம் போதுமா என்று வெட்டுபவரிடம் முன்பே கேளுங்கள். போதாது என்றால் 14 மடங்குக்கு இறங்கிவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தைக் கடைசியாகத்தான் நினைக்க வேண்டும். வீட்டு உபயோக இயந்திரங்களின் அச்சுத் தட்டு பெரும்பாலும் 22 சென்டிமீட்டர் சதுரம். சக்கரத்தின் வட்டை மட்டுமே ஏறத்தாழ 20 துண்டாகிவிடும். கடையாணித் தலை, மாட்டின் கழுத்து மணி, கொம்புக் குப்பி போன்ற சிறு அலங்காரங்களுக்கு அச்சு அருமை. அதிலும் பரவலான பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் கொம்பு கோணிக்கொள்ளும்.

மாடுகளுக்கு அட்டை நல்லது. வடிவத்தை விரித்துத் தாளில் வெட்டும் பாகங்களாகத் தரும் பெப்பக்கூரா என்ற ஜப்பானிய மென்பொருள் இருக்கிறது. அதில் வந்த தாள்களைக் குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையில் ஒட்டி வெட்டி, மடித்து, மேலே துணியும் பசையும் பூசினால் மாடு எழுந்து நிற்கும். பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு செய்ய இதைவிட நல்ல வேலை கிடையாது.

எதில் செய்தாலும், பணத்தைப் பலகையில் போடும் முன் ஒரு முறை பர்தோல்டி மாதிரி நடுவில் நில்லுங்கள். 5 மடங்கில் அட்டையில் செய்து மேசையில் வைத்துப் பார்க்கலாம். அல்லது சக்கரத்தை மட்டும் முழு அளவில் அட்டையில் வெட்டிச் சுவரில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்த ஆரக்கால் அங்கே குண்டாகத் தெரியும். அப்போது திருத்தினால் செலவு ஓர் அட்டைப்பெட்டி.

பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள்

'ஏறாதீர்கள்' என்று எழுதி வைத்தால் ஏறாமல் இருக்கப் போவதில்லை. ஆகவே இது காட்சிக்கு மட்டும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். பத்துமலைச் சிலைக்குள் கம்பி இருப்பதைப் போல் வண்டிக்குள்ளும் ஒன்று வேண்டும்: இரும்புச் சதுரக் குழாயில் பற்றவைத்த ஒரு சட்டம், அதற்குத் தரையைத் தொடும் நான்கு கால்கள். உட்காருபவரின் எடை அந்தக் கால்கள் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். சக்கரம் பாரம் சுமக்கக் கூடாது, அலங்காரமாக மட்டும் தரையைத் தொட்டு நிற்கட்டும். கால்களை வைக்கோலால் மறைத்துவிடலாம். உட்காரும் பலகையை விழாவுக்கு முந்தைய நாள் மூன்று பெரியவர்களை உட்கார வைத்துச் சோதித்துவிடுங்கள். மாடு இல்லாமல் ஏர்க்கால் அந்தரத்தில் நிற்கும் வண்டி முன்பக்கமோ பின்பக்கமோ கவிழும் என்பதால் சட்டத்தின் கால்கள் வண்டியின் இரு ஓரத்துக்கும் எட்ட வேண்டும்.

எடையைக் குறைக்க வெள்ளை நுரைப் பலகையை, அதாவது பாலிஸ்டைரினைச் செதுக்குபவர்கள் உண்டு. செதுக்கச் சுலபம்தான். ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை கக்கும். பொங்கல் அடுப்பும் கற்பூரத் தட்டும் உள்ள இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு வழியில்லை என்றால் அடுப்பிலிருந்து வெகுதூரத்தில் வையுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் ஒன்றும் இருக்கட்டும். ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடித்தால் பெரும்பாலானவை நுரையையே கரைத்துவிடும் என்பதையும் வண்ணம் பூசுபவரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் நீரில் கரையும் வண்ணம் ஒரு கோட்.

இன்னொருவர் வடிவமைத்து விற்கும் பொம்மையையோ, இணையத்தில் விற்கும் கோப்பையோ நகலெடுக்கும் முன் அவருடைய அனுமதியைக் கேட்பது முறை. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கலைப் படைப்புகளுக்கும் பொருந்தும். ஊர் வண்டியின் வடிவம் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு கைவினைஞர் தன் கற்பனையில் சேர்த்த அலங்காரம் அவருக்குச் சொந்தம்.

கடைசியாக மண்டபத்தின் கதவை அளந்துவிடுங்கள். 3 மீட்டர் வண்டி உள்ளே நுழையாது. அதனால் திரையில் இருக்கும்போதே வண்டியைச் சக்கரம், அச்சு, அடிச்சட்டம், கூண்டு, ஏர்க்கால் என்று கழற்றி மாட்டும் பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் எண்ணைப் பொறித்துவிட வேண்டும். இயந்திரமே எண்ணையும் சேர்த்து வெட்டித்தரும். பாகங்களைச் சேர்த்தணைக்க ஆணிக்குப் பதில் போல்ட்டும் நட்டும் போட்டால் அடுத்த ஆண்டும் கழற்றி மாட்டலாம். கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அதன் பெயரிலேயே அளவை எழுதிவையுங்கள்: 'சக்கரம் 1,200 மில்லிமீட்டர், பலகை 9 மில்லிமீட்டர்'. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி அதைக் கேட்டு வாங்கி வெட்டும்போது, உங்களுக்குத் தொலைபேசி போட்டு அளவு கேட்க வேண்டியிராது.